உளுந்தங்களி எனக்குத்தான்

தி.நகர் ரங்கநாதன் தெருவில் மூன்று மாடி ஜவுளிக்கடை நான் கட்டியது. அதே தெருவில் அதற்கு முன்னால் கோணியை விரித்து உள்பாவாடைத் துணி விற்றவனும் நான்தான். போலீஸ்காரர் தலை தெரிந்தால் கோணியின் நாலு மூலையையும் சேர்த்து மூட்டையாக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவேன். அந்த ஓட்டத்தில்தான் எனக்குக் கால் பலப்பட்டது. அபிராமபுரத்தில் நான் வாங்கிய மனை, மழை பெய்தால் குளமாகிவிடும் பள்ளம். வாங்காதே என்று சொல்லாத ஆள் இல்லை. லாரி லாரியாக மண் அடித்து மேடாக்கி வீடு கட்டினேன். இன்றைக்கும் எங்கள் வாசலில் தண்ணீர் நிற்காது. திருச்செந்தூர் பக்கம் நான் பிறந்த ஊரில், ஐந்தாம் வகுப்போடு நான் வெளியேறிய பள்ளிக்கூடத்துக்கே இரண்டு வகுப்பறை கட்டிக் கொடுத்தேன். என் கையெழுத்தைத் தவிர இங்கிலீஷில் ஒரு எழுத்து எழுதத் தெரியாமல் இத்தனையும் செய்தேன்.

இவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்து எழுதப் போவதைப் படித்தால் என்னைப் பற்றி வேறு மாதிரி நினைக்கத் தோன்றும். நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கட்டியதெல்லாம் கட்டியதுதான்.

கடையையும் வீட்டையும்விட நான் பெருமையாக நினைத்தது என் சடுகுடு அணியை. கடையில் துணி எடுத்துப் போடுகிறவர்கள், மூட்டை இறக்குகிறவர்கள், எங்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்த மயிலாப்பூர் தையல்காரர் ஒருவர், எல்லோரையும் சேர்த்து உண்டாக்கினேன். அறுபதுகளின் கடைசி அது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் திருவான்மியூர் கடற்கரைக்குப் போய்விடுவோம். அப்போது அங்கே மணலும் கட்டுமரமும்தான், கண்ணுக்கு எட்டியவரை வீடு கிடையாது. பாத்திரக்கடை அணி வரும், மளிகைக்கடை அணி வரும். நாற்பதைத் தாண்டியும் எங்கள் அணிக்கு நானே கேப்டன். எதிரணிக் கட்டத்துக்குள் முதல் ஆளாகப் பாடிப் போகிறவனும் நான்தான்.

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. யாராவது காலைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தால், கை கொடுத்துத் தூக்கிவிடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிடுவேன். "வீட்டுக்குப் போயி உளுந்தங்களி தின்னுல." எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது சுருக்கென்று தைக்கும். பெண்பிள்ளை ஆளானதும் இடுப்பெலும்பு பலப்பட வேண்டும் என்று தோலோடு அரைத்த கருப்பு உளுந்து மாவைக் கருப்பட்டிப் பாகில் கிண்டி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுப்பார்கள். கூடவே நாட்டுக்கோழி முட்டை. சமைந்த பிள்ளை சாப்பிடுகிற சாப்பாடு அது. ஆண்பிள்ளையைப் பார்த்து அதைத் தின்னச் சொன்னால் அதற்கு மேல் அவமானம் வேண்டாம். நான் சொன்னால் கடற்கரையே சிரிக்கும். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு என் முழங்காலே போயிற்று.

ஒரே நாளில் போகவில்லை. கடையில் மேல் தட்டுத் துணியை எடுக்க ஏணியில் ஏறினால் வலது முழங்காலுக்குள் மணலை வைத்துத் தேய்ப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. பிறகு உட்கார்ந்து எழும்போது வலி. பிறகு எழாமலே வலி. லஸ் பக்கம் இருந்த ஒரு டாக்டரிடம் போனேன். அவர் முழங்காலை மடக்கிப் பார்த்துவிட்டு, தேய்மானம், சடுகுடுவை விடுங்கள் என்றார். வயசாகிவிட்டது என்பதை அவர் மரியாதையாகச் சொன்னார். எனக்கு அந்த மரியாதை பிடிக்கவில்லை. மருந்துக்கடையில் கேட்டு மீன் எண்ணெய் மாத்திரை வாங்கி விழுங்கினேன். ஏப்பம் விட்டால் காசிமேட்டு மீன்சந்தை வாடை வந்தது. சுண்ணாம்புச் சத்து மாத்திரை என்று ஒன்று கொடுத்தார்கள். சிலேட்டுக் குச்சியை மெல்வதுபோல இருந்தது. முடக்கத்தான் கீரையை அரைத்துத் தோசையில் போட்டுத் தின்றேன். ஆட்டுக்கால் சூப்புக் குடித்தேன். ஒன்றையும் தொடர்ந்து செய்ய எனக்குப் பொறுமை கிடையாது. வலி போய்விட்டதா என்று சாயங்காலமே பார்க்கிற ஆள் நான்.

கடைசியில் என் மனைவிதான் சொன்னாள், உளுந்தங்களி தின்று பாருங்கள் என்று. நான் முறைத்தேன். அவள் அசரவில்லை.

"எலும்புக்குப் பலம்னுதான பொம்பளப் பிள்ளைக்குக் குடுக்காங்க. எலும்புக்குத் தெரியுமா, ஆம்பள எது பொம்பள எதுன்னு?"

சரி என்றேன். ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். வெளியே ஒரு ஆளுக்குத் தெரியக் கூடாது, அவளுடைய தம்பிக்குக்கூட. சத்தியம் வாங்கிக்கொண்டேன். அதுவும் தாலியைத் தொட்டு. ஒரு வாய் களிக்காகப் பெண்டாட்டியைத் தாலியைத் தொட வைத்த ஆள் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தினமும் காலையில் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து அதைத் தின்றேன். ருசியாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். என் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டாள். எனக்கும் வேண்டும் என்றாள். உனக்குக் காலம் வரும்போது கிடைக்கும், இப்போது போ என்று விரட்டினேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவளிடமும் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். விரட்டினேனே தவிர காரணம் சொல்லவில்லை.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மயிலாப்பூரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் ஏழாவது படித்தாள். படிப்பு சுமார். ஓட்டம் அபாரம். பள்ளியின் விளையாட்டு சிஸ்டர் ஒருநாள் கடைக்கே வந்து, இந்தப் பெண்ணை விட்டுவிடாதீர்கள், படிக்கட்டும், ஓடட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தலையை ஆட்டிவைத்தேன். உள்ளுக்குள் வேறு முடிவு இருந்தது. என் மனைவியின் தம்பி மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருந்தான். அவன் மகனுக்குத்தான் என் மகள் என்று சொந்தக்காரர்கள் முன்னால் வாக்குக் கொடுத்திருந்தேன். அவள் ஆளானதும் பள்ளிக்கூடம் கிடையாது என்பதும் அந்த வாக்கில் சேர்த்தி. என் மனைவியையும் அப்படித்தான் ஆறாவதில் நிறுத்தினார்கள். மகளையாவது பள்ளியை முடிக்க விடுங்கள் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் காதில் வாங்கவில்லை. ஐந்தாவது படித்த நான் மூன்று மாடி கட்டவில்லையா என்று கேட்பேன்.

களிக்கு வேண்டிய சாமான் எல்லாம் அந்தத் தம்பியின் கடையிலிருந்துதான் வந்தது. வேறு கடையில் வாங்கினால் அவனுக்குக் கோபம் வரும். தோலோடு கருப்பு உளுந்து, கருப்பட்டி, செக்கு நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை. இந்த நாலையும் ஒன்றாகக் கேட்டால் எங்கள் ஆட்களுக்கு அர்த்தம் ஒன்றுதான். இது என் மூளைக்கு எட்டவில்லை. கணக்கில் ஒரு பைசா தவறவிடாத மூளை. முதல் மாதம் அவன் அக்காவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பொட்டலம் கட்டினானாம். இரண்டாம் மாதம், "என்னக்கா, வீட்ல விசேஷமா?" என்று கேட்டானாம். சத்தியம் செய்த என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு சிரித்திருக்கிறாள். வேறு என்ன செய்வாள்? அவன் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டான். தாய்மாமன் அவன். ஆளான பிள்ளையைத் தனியே வைக்கும் குச்சிலுக்குப் பச்சை ஓலை கட்ட வேண்டியவன், முதல் சேலை எடுத்துக் கொடுக்க வேண்டியவன். அவனுக்கே சொல்லாமல் மறைக்கிறார்கள் என்றால் பெரிய இடத்தில் சம்பந்தம் பார்த்துவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

அந்த இரண்டாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கடற்கரையில் ஜெயித்தோம். முழங்கால் கொஞ்சம் இலேசாகத்தான் இருந்தது. களியின் வேலையா, ஏணி ஏறுவதை நிறுத்தியதன் வேலையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஜெயித்த அன்று அணிக்கு எங்கள் வீட்டில்தான் காலைப் பலகாரம். எல்லோரையும் கூட்டிக்கொண்டு அபிராமபுரத்துக்கு வந்தேன். தெரு முனையிலேயே நாதஸ்வரம் கேட்டது.

எங்கள் வாசலில்தான். வாசலில் பச்சைத் தென்னை ஓலை சாய்த்து வைத்திருந்தார்கள். தாம்பாளங்களில் தேங்காய், பழம், பூ, மேலே ஒரு பட்டுச்சேலை. மளிகைக்கடை மச்சினன், அவன் மனைவி, சொந்தக்காரர்கள் ஒரு பட்டாளம். பக்கத்து வீட்டுக்காரர்கள் காம்பவுண்டுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்கள்.

முற்றத்தில் ஒரு மணைப்பலகை. அதன்மேல் என் மகளை உட்கார வைத்திருந்தார்கள். மறுநாள் பள்ளியில் விளையாட்டு விழா. அதற்காக வாங்கிய வெள்ளை கான்வாஸ் ஷூவுக்குச் சுண்ணாம்பு பூசிக் காய வைத்து, போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவளை அப்படியே பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டால் குச்சிலுக்குள் உட்கார்த்துவார்கள். ஓட்டம் போகும். அந்த வாரத்தோடு பள்ளிக்கூடமும் போகும். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. முகத்தில் தெரிந்தது.

அவளும் அவள் அம்மாவும் இல்லை, இல்லை என்று ஏற்கெனவே சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். யாரும் நம்பவில்லை. என்னைக் கண்டதும் மச்சினன் வாசலுக்கே வந்துவிட்டான்.

"ஆளான பிள்ளைய மறைச்சு வச்சுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புதீகளே அத்தான், இது நல்லாருக்கா? அக்கா ஒண்ணுமில்லங்கா. ஒண்ணுமில்லன்னா அவ்வளவு கருப்பு உளுந்தும் யாருக்கு?"

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாலிக்கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை. திறக்க முடியாதபடி கட்டிப் போட்டது நான்.

அப்போது என் மகள் மணையில் உட்கார்ந்தபடியே சொன்னாள். "களிய அப்பாதான் திங்காங்க மாமா. டெய்லி காலையில. அப்பாட்டயே கேளுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பெரிய கடை முதலாளி, சடுகுடு கேப்டன், சமைந்த பிள்ளை சாப்பிடுகிற களியைத் தின்கிறாராம். மச்சினனும் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தான். "என்ன அத்தான், பிள்ளை என்ன சொல்லுதா?"

என் பின்னால் என் அணி முழுதும் நின்றது. அதில் பாதிப் பேரை நான் உளுந்தங்களி தின்னச் சொல்லி அவமானப்படுத்தியிருக்கிறேன். முந்தின மாதம்தான் தையல்காரரை.

நான் சொன்னேன். "சின்னப்பிள்ள. வெக்கத்துல என்னத்தையாவது சொல்லுதா."

அந்த வார்த்தைகளை நான் இதுவரை எழுதியதில்லை. வாயால் சொல்லும்போது சுலபமாகத்தான் வந்தன. என் மகள் என்னைப் பார்த்தாள். அழவில்லை. கடைக்காரர்கள் சிலர், பணம் தருவதாகத் தவணை சொல்லி ஏமாற்றியவனைத் தெருவில் பார்த்தால் ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே நடப்பார்களே, அப்படிப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை.

மச்சினன் மனைவி மஞ்சள் தண்ணீரை மொண்டு அவள் தலையில் ஊற்றினாள். தண்ணீர் பாவாடை வழியாக இறங்கி ஷூவில் விழுந்தது. பூசியிருந்த சுண்ணாம்பு கரைந்து மணைப்பலகையில் மஞ்சளும் வெள்ளையுமாக ஓடியது. அவள் குனிந்து இரண்டு கையாலும் ஷூவை மூடிக்கொண்டாள். தலையில் விழுவதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. ஷூ நனையாமல் இருந்தால் போதும் அவளுக்கு.

இரண்டாவது செம்பை மொண்டபோது நான் நடந்துபோய் மச்சினன் மனைவியின் கையைத் தடுத்தேன். தடுத்தேன் என்று எழுதுவது பெருமைக்காக. அவசரத்தில் திரும்பியதில் முழங்கால் மடங்கிவிட்டது. விழாமல் இருக்கத் தூணைப் பிடித்தேன்; செம்பு தட்டிக் கீழே உருண்டது. நாதஸ்வரக்காரர் தானாக நிறுத்திவிட்டார்.

"களி எனக்கு மாப்ளே," என்றேன். "உளுந்து, கருப்பட்டி, முட்டை எல்லாம் எனக்குத்தான். முழங்காலுக்கு. பிள்ளை சொன்னது நெசம். அவ ஆளாகல."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. மச்சினன் கொஞ்ச நேரம் என் முழங்காலையே பார்த்தான். பிறகு தாம்பாளத்திலிருந்த பட்டுச்சேலையைப் பார்த்தான். "அப்பம் இந்தச் சேலைய யாருக்குக் கட்ட? உங்களுக்கா அத்தான்?" என்று கேட்டான். அப்போதுதான் சுவரோரம் யாரோ ஒருவர் ஆரம்பித்தார். பிறகு தெருவே சிரித்தது. நான் கடற்கரையில் சிரிக்க வைத்த சிரிப்பையெல்லாம் சேர்த்துவைத்து அன்றைக்கு எனக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்.

மச்சினன் தாம்பாளங்களை எடுத்துக்கொண்டு போனான். அவன்மேல் தப்பில்லை. தாய்மாமன் என்ற முறையில் செய்ய வேண்டியதைச் செய்ய வந்தான். தெரு முன்னால் கோமாளியாகித் திரும்பினான். பல வருஷம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அந்தச் சம்பந்தத்தைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அப்படியே அது செத்துப்போயிற்று.

என் ஆட்களுக்கு இட்லி பரிமாறினார்கள். யாரும் என் முகத்தைப் பார்த்துச் சாப்பிடவில்லை. எல்லோரும் போன பிறகு தையல்காரர் மட்டும் செருப்பைத் தேடுகிற மாதிரி வாசலில் நின்றார். பக்கத்தில் போனேன். வசவுக்குத் தயாராகத்தான் போனேன்.

"இன்னா அண்ணாச்சி, நெசமாவே களியால வலி கேக்குதா?" என்றார் மெதுவாக. "எனக்கும் மெஷின் மிதிச்சு மிதிச்சு முட்டி புட்ச்சிகினு கீது. நீ இன்னான்னா சொல்லுவியோன்னு வாய மூடிக்கினு இருந்தேன்."

ஒரு சட்டியில் மீதியிருந்த களியை என் மனைவி அவருக்குக் கொடுத்தனுப்பினாள். அடுத்தடுத்த வாரங்களில் இன்னும் சிலர் கேட்டார்கள். கபடம் இல்லாமல் கேட்டார்கள். எனக்குத்தான் வெட்கம் தாங்கவில்லை. இத்தனை முழங்காலும் வலித்துக்கொண்டு இருந்திருக்கிறது. என் வாய்க்குப் பயந்து ஒருவனும் சொல்லவில்லை. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் திருவான்மியூருக்கு ஒரு தூக்குவாளி களியும் வந்தது. மணலில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். சிலருக்குக் குணம் தெரிந்தது, சிலருக்கு ஒன்றும் தெரியவில்லை. என்னைக் கேட்டால் களி கொஞ்சம், ஓய்வு கொஞ்சம் என்பேன். டாக்டர் சொன்னதை ஒரு வருஷம் கழித்துக் கேட்டேன். கேப்டன் பதவியைத் தையல்காரருக்குக் கொடுத்துவிட்டு ஓரத்தில் நின்று பார்த்தேன்.

மறுநாள் என் மகள் ஓடினாள். அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காயவைத்த ஷூ மஞ்சள் கறையோடு விறைத்துப் போயிருந்தது. அதைப் போட்டுக்கொண்டே ஓடி இரண்டாவதாக வந்தாளாம். வந்தாளாம் என்றுதான் எழுத முடியும். நான் போகவில்லை. கடையில் வேலை என்று சொன்னேன். அன்றைக்குக் கடையில் ஒரு வேலையும் இல்லை.

அடுத்த வருஷம் அவள் உண்மையாகவே ஆளானபோது வீட்டில் மேளம் கிடையாது, ஓலை கிடையாது. மறுபடியும் அந்த வாசலில் ஒரு சடங்கு வைக்க எனக்குத் தைரியம் இல்லை. கேட்கவும் யாரும் வரவில்லை. அவள் அம்மா களி கிண்டிக் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். நிறுத்து என்று சொல்ல என் வாய் எழவில்லை. எழுபதுகள் முடிவதற்குள் உடற்கல்விக் கல்லூரியில் சேர்ந்து படித்தாள். ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாகி, எத்தனையோ பிள்ளைகளை ஓட வைத்து, ஓய்வும் பெற்றுவிட்டாள்.

அந்த ஓய்வு விழாவுக்கு என்னைச் சக்கர நாற்காலியில் கூட்டிப்போனார்கள். முன் வரிசையில் இருந்தேன். மேடையில் என் மகள் பேசினாள். அம்மா இல்லாவிட்டால் நான் இல்லை என்றாள். அம்மா அப்போது உயிரோடு இல்லை. விளையாட்டு சிஸ்டரைச் சொன்னாள். கூட ஓடிய தோழிகளைச் சொன்னாள். என்னைச் சொல்லவில்லை. பக்கத்திலிருந்தவர் என்னைப் பார்த்துக் கைதட்டினார், மரியாதைக்கு.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. அன்றைக்குத் தெருவே சிரிக்க உண்மையைச் சொன்னது யார், அதைச் சொல்லாவிட்டால் நீ மளிகைக்கடைக் கல்லாவில்தானே உட்கார்ந்திருப்பாய் என்று கேட்டேன். அவள் சால்வையை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"சொல்லலாம் அப்பா. ஆனா சொன்னா, அதுக்கு முன்னால நீங்க சொன்னதையும் சேத்துத்தான் சொல்லணும். அதான் விட்டுட்டேன்."

அவள் எனக்காகத்தான் விட்டிருக்கிறாள். இத்தனை வருஷம் எனக்கு அது தெரியாது. ஊரில் நான் கட்டிக் கொடுத்த வகுப்பறையில் என் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தபோது வராத அழுகை அப்போது வந்தது.

ஆனாலும் நான் விடுவதாக இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டே வாங்கிப் பழகியவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன். என் மகளுக்கும், அவளைப் பற்றி இனி யார் பேசினாலும் அவர்களுக்கும் சொல்கிறேன். சொல்லுங்கள். இரண்டையும் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றுகிறவரை அப்பா பொய் சொன்னார் என்று சொல்லுங்கள், பிறகு அவர்தான் வாயைத் திறந்தார் என்றும் சொல்லுங்கள். முதலாவது வெட்கமாக இருக்கிறது என்று இரண்டாவதையும் சேர்த்து எடுத்துவிடாதீர்கள். அவள் படிப்பில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. சின்னப் பங்குதான், அதுவும் தாமதமாக வந்தது. அதை எனக்குக் கொடுங்கள்.